முந்திய கல்யாணம், பிந்திய கணக்கு

திருமழபாடிக் கோயிலில் பங்குனியில் நடக்கும் நந்தி கல்யாணத்தைப் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்கள். 2011 மார்ச் 1-ஆம் தேதியோடு மக்கள்தொகைக் கணக்கை மூடினார்கள்; அதற்குப் பின் புதுக் கணக்கு வரவில்லை. அந்த வருஷப் பங்குனியில் இங்கே நந்தி கல்யாணம் பார்த்து, அடுத்த தையில் தாலி கட்டியவனுடைய மகனுக்கு இப்போது மீசை அரும்புகிறது. டெல்லிக் கணக்கில் அவன் இன்னும் பிறக்கவே இல்லை. அவன் தாத்தாவுக்குத் திவசம் கொடுத்துக் கொடுத்து வீட்டாருக்கு அலுத்துவிட்டது. கணக்கில் மட்டும் அவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கிறார்.

இந்த ஊர் இருக்கும் அரியலூர் மாவட்டத்தில் எத்தனை பேர்? 7,54,894. போன வருஷமும் இதுதான், இந்த வருஷமும் இதுதான்.

உலகப்போருக்கு நடுவே 1941-இலும் வெள்ளைக்காரன் எண்ணினான். கொரோனா ஆண்டான 2020-இல் சீனாவும் அமெரிக்காவும் எண்ணி முடித்தன. நாமும் சும்மா இல்லை. 2024-இல் 64 கோடி வாக்குகளை எண்ணினோம். பூத் சிலிப்போடு படியேறத் தெரிந்தவர்களுக்கு, இந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கத்தான் கால் வரவில்லை.

ஆகவே நகரங்களுக்கு ஜோசியம். 2011-இல் சென்னையின் எல்லையை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-க்கு இழுத்தார்கள். 46 லட்சம் 67 லட்சமானது, ஒரு பிரசவம்கூட இல்லாமல். இன்றைக்கு? புறநகரையும் சேர்த்துக் கோடிக்கு மேல் என்கிறது ஐ.நா. பொறியாளர் பழைய பத்தாண்டுகளின் வளர்ச்சியைக் கூட்டி வகுத்து, ஆளுக்கு 135 லிட்டர் என்று பெருக்கித் திட்டம் போடுகிறார். கூட்டல் பொய்த்தால் குழாயில் காற்று வரும். திருமழபாடியைத் தொட்டுப்போகும் கொள்ளிடத் தண்ணீர்தான் கீழணையில் திரும்பி, வீராணம் வழியாக அந்தச் சென்னைக்குப் போகிறது. எத்தனை வாய்க்கு என்று ஆற்றுக்கும் தெரியாது, அனுப்புகிறவருக்கும் தெரியாது.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 81.35 கோடிப் பேரும் 2011-இன் தலைகள்தான். அதற்குப் பின் வந்தவர்களுக்கும் வயிறு இருப்பதாக அரசுக்கு இன்னும் தகவல் இல்லை.

நாடாளுமன்றத் தொகுதிப் பங்கீடு 2026-க்குப் பின் எடுக்கும் முதல் கணக்கு வரும்வரை அசையாது என்கிறது அரசியல் சட்டம். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்குக்குத் தேடித் தேடிக் கிடைத்த நல்ல நாள், 2027 மார்ச் 1! அரிசிக்கும் தண்ணீருக்கும் வாய்க்காத முகூர்த்தம் நாற்காலிக்கு வாய்த்துவிட்டது. 'அளவோடு பெறுங்கள்' என்று சுவரில் எழுதியதைப் படித்துக் கீழ்ப்படிந்த தமிழ்நாட்டிடம், எண்ணி முடித்ததும் கேட்பார்கள்: இவ்வளவுதானா பெற்றீர்கள்?