கூடத்துக் கோணல் குறித்து ஓர் ஆராய்ச்சி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடியவளைப் பழித்த பழமொழி, கூடத்தை யாராவது நூல் பிடித்து அளந்தார்களா என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. இவ்வாய்வு அக்குறையைப் போக்க முயல்கிறது.

களம்: அமெரிக்க வீடுகளின் கார் கொட்டகை. பனிக்காலத்தில் மைதானம் மூடிவிடும் ஊர்களில், காரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே திரை கட்டி கோல்ஃப் அடிப்போர் உண்டு. நேராக அடித்த பந்து திரையின் நடுவில் படுகிறது. திரையில் விழும் மைதானப் படத்திலோ அது வலப்பக்கத்து மரங்களுக்குள் போய் விழுகிறது. அடித்தவர் லாஞ்ச் மானிட்டரை முறைக்கிறார். பந்து கிளம்பும் வேகம், ஏறும் கோணம், திசை, சுழற்சி ஆகியவற்றைப் பிடித்து, மீதிப் பயணத்தைக் கணினிக்குச் சொல்லும் பெட்டி அது.

இப்பெட்டிகளில் மூன்று மரபுகள் உண்டு. கார்மின் ஆர்10 போன்ற ராடார்கள் பந்துக்கு 6 முதல் 8 அடி பின்னால் அமரும். ஸ்கைட்ராக் போன்ற கேமராக்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும். யுனிகோரின் ஐ எக்ஸ்ஓ கூரையில் தொங்கும். யார் காலும் அதில் இடறாது.

பின்மரபினர் சிக்கல் இது. பந்துக்கு 7 அடி பின்னால் இருக்கும் ராடார் பக்கவாட்டில் 1 அங்குலம் விலகி, அங்கிருந்தே பந்தைக் குறிபார்க்கிறது என்று கொள்வோம். கோணப் பிழை ஏறக்குறைய 0.7 டிகிரி. 200 கெஜத்தில் அது 7 அடியாகிவிடும். குழியின் அகலமோ வெறும் 4¼ அங்குலம்! பக்கமரபு இன்னும் நொய்தானது. அரை அடி நீளப் பெட்டியின் ஒரு முனை இரண்டரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக நகர்ந்தால் 1 டிகிரி போயிற்று. 200 கெஜத்தில் பத்தரை அடி. வீடு கூட்டும் துடைப்பம் பட்டாலே போதும்.

'சுவருக்கு இணையாக வைத்தால் தீர்ந்தது' என்பர் ஒரு சாரார். அற்றன்று. சுவர் திரைக்குச் செங்குத்து என்பதற்கு யார் சாட்சி? 'பந்தை வைத்து அடிக்கும் பாயின் விளிம்பைப் பிடித்துக்கொள்க' என்பாரும் உளர். பாயை விரித்தவரும் அதே சுவரைப் பார்த்துத்தானே விரித்தார்? கண்ணளவும் உதவாது. பந்துக்குப் பக்கத்தில் நிற்பவரின் கண் இலக்குக் கோட்டின் மேல் இல்லை.

இங்கே பொறியாளரைவிடக் கொத்தனாரே மேல் என்பது இவ்வாய்வின் துணிபு. திரையில் விழும் படத்தின் நடுவிலிருந்து (துணியின் நடுவிலிருந்து அல்ல, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை) தூக்குக் குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைக்க வேண்டும். அங்கிருந்து திரையோரமாக 3 அடி, பந்தை நோக்கி 4 அடி. குறுக்களவு 5 அடி வந்தால் மூலை சரி. இடமிருந்தால் 6, 8, 10 என்று இரட்டிப்பது நல்லது, பிழை குறையும். சுண்ணாம்பு நூலைச் சுண்டிக் கோடு போட்டு, அக்கோட்டின் மேலோ அதற்கு இணையாகவோ பெட்டியை வைத்து, ரசமட்டமும் பார்த்துவிட வேண்டும்.

கேமராக்காரர்களுக்கு ஒரு சோதனையும் உண்டு. கோட்டின் இருபுறமும் பந்து நுழையுமளவு இடம் விட்டு இரண்டு டீ (பந்தைத் தாங்கும் குச்சி) நட்டு, அவற்றின் இடையே பந்தை மெல்ல உருட்டினால் திசை பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும்.

காட்டியபின்பும் பந்து வலப்பக்கமே கிளம்பினால்? கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் பக்கம். அதற்கு ரசமட்டம் கிடையாது. பயிற்சியாளரைத்தான் பார்க்க வேண்டும்.