பாலைவன மலைநடையில் ‘பத்து நிமிஷம்’: ஒரு கால அளவை பற்றிய ஆய்வு

ஒரு நாழிகை என்றால் 24 நிமிடம். இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம், ஏழரை நாழிகை ஒரு சாமம். காலத்தை இத்தனை நுணுக்கமாக நறுக்கி வைத்த தமிழ் வாய்பாட்டில், நாம் அன்றாடம் அதிகமாகப் புழங்கும் அளவை மட்டும் இடம்பெறவில்லை. அது ‘பத்து நிமிஷம்’. கல்யாண மண்டபத்தில் பத்து நிமிஷத்தில் பந்தி போடுகிறார்கள். பேருந்து நிலையத்தில் பத்து நிமிஷத்தில் வண்டியை எடுக்கிறார்கள். ஆனால் அவ்விடங்களை ஆய்வுக்களமாகக் கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. தாமதத்துக்குச் சமையற்காரரையோ ஓட்டுநரையோ காரணம் காட்டிவிடலாம். அளவை தூய வடிவில் சிக்காது. நடப்பதும் நாமே, தாமதமும் நாமே, ஒதுங்க நிழலும் இல்லை என்ற நிலையில்தான் அதன் முழு சொரூபம் வெளிப்படும். அப்படிப்பட்ட இடம் பாலைவனத்து மலைமுகடு.

களம்: அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், டூசான் நகருக்கு மேற்கே சவாரோ தேசியப் பூங்கா. அங்குள்ள வாசன் சிகரம் 4,687 அடி உயரம். கிங் கேன்யன் பாதையில் மூன்றரை மைல் ஏறினால் உச்சி. பிறகு ஹியூ நாரிஸ் பாதையில் முகட்டின் மேலேயே மேற்காக நடந்து, செண்டேரோ எஸ்பெரான்ஸா பாதையில் இறங்கி, பழைய செம்புச் சுரங்கம் ஒன்றை ஒட்டிவரும் கூல்ட் மைன் பாதை வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே வரலாம். வட்டம் முழுவதும் ஏறத்தாழ 8 மைல். காலம்: ஜனவரி மாதத்து ஒரு சனிக்கிழமை. ஆய்வுக்கு உட்பட்டோர் ஆறு பேர். இதே மலையை ஏற்கெனவே நான்கு முறை ஏறிய ஒருவர் (எல்லோருக்கும் அண்ணன்), அவர் மனைவி (ஆகவே அண்ணி), புதிதாக வேலைக்கு வந்து சேர்ந்த ஒரு தம்பி, தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொண்ட ஒரு தம்பதி, இக்கட்டுரையாளர். தம்பதியிடமிருந்து தரவு ஏதும் கிடைக்கவில்லை.

இத்துறையில் முன்னோர் செய்தவற்றைப் பார்த்துவிடுவது மரபு. 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு விதி வகுத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். மலை நடப்பவர்கள் இன்றும் இதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். வாசன் சிகரத்துக்கு மூன்றரை மைல், ஏற்றம் சுமார் 1,800 அடி. எழுபது நிமிடமும் ஐம்பத்து நான்கு நிமிடமும் சேர்த்தால் 2 மணி 4 நிமிடம். நாங்கள் எடுத்துக்கொண்டது 3 மணி 20 நிமிடம். நெய்ஸ்மித்தைக் குறை சொல்வதற்கில்லை. அவர் நடந்த மலைகளில் மழை உண்டு, மூடுபனி உண்டு. குழுவாக நின்று படம் எடுத்துக்கொள்ளும் வழக்கமும், எட்டரை மணிக்கே புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும் வழக்கமும் இருந்திருக்க வாய்ப்பில்லை. அடுத்து, அமெரிக்க இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான சியர்ரா கிளப்பில் 1941 முதல் பாலைவனச் சிகரங்களுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. ஏறத்தாழ நூறு சிகரங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாக ஏறி முடித்துக் கணக்குத் தீர்ப்பவர்கள் அதன் உறுப்பினர்கள். உயரம், வழி, சாலை நிலவரம் எல்லாம் குறித்து வைத்திருக்கிறார்கள். பத்து நிமிஷத்தைப் பற்றி அவர்களும் வாய் திறக்கவில்லை.

திணைக் கோட்பாட்டின் வழி அணுகினால் ஓரளவு வெளிச்சம் கிடைக்கிறது. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. நீரின்றி வெந்து காய்ந்த நிலம் பாலை. காய்ந்த மலையை எதில் சேர்ப்பது? குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் வழி காட்டியிருப்பதால் நிலச்சிக்கல் தீர்ந்தது. உரிப்பொருளில்தான் சுவாரசியம். குறிஞ்சிக்குக் கூடல், பாலைக்குப் பிரிதல். வண்டி நிறுத்துமிடத்தில் ஆறு பேரும் கூடினோம். முதல் அரை மைலில் மூன்று கூட்டமாகப் பிரிந்தோம். முன்னே அண்ணி தனியாக, நடுவே தம்பதி, கடைசியில் தம்பியும் அவரை உந்திக்கொண்டு அண்ணனும். நான் கடைசி இரண்டு கூட்டத்துக்கும் இடையில், ஆய்வு நிமித்தம். சிறுபொழுதில் மட்டும் இலக்கணம் அரிசோனாவுக்குப் பொருந்தாது. பாலைக்கு நண்பகல் என்கிறது நூல். அந்த ஊரில் கோடை நண்பகலில் மலையில் இருப்பவனை மீட்கக் குழு வரவேண்டியிருக்கும்.

இனித் தரவு. தம்பி முதல் முறையாகக் கேட்டது காலை ஏழரைக்கு, காரின் கதவைச் சாத்தியவுடன்.

“எவ்வளவு நேரம் ஆகும்ணா?”

“ரெண்டு மணி நேரம்டா. பேசிக்கிட்டே போனா தெரியாது.”

இது நெய்ஸ்மித் விதிப்படி நேர்மையான விடை என்பதைப் பதிவு செய்கிறேன். மணல் ஓடைப் படுகையைத் தாண்டி, ஸ்வீட்வாட்டர் பாதை வந்து சேரும் கணவாய்க்கு வந்தபோது மணி ஒன்பதரை. அதுவரை நடந்தது இரண்டேகால் மைல். அங்கிருந்து உச்சி வரை ஒரு மைலுக்கும் மேல், எல்லாம் வளைந்து வளைந்து ஏறும் செங்குத்து. தம்பி ஒரு பாறைமேல் உட்கார்ந்தார்.

“இன்னும் எவ்வளவுண்ணா?”

“அதோ அந்தத் திருப்பம் இருக்கில்ல? அதைத் தாண்டினா பத்து நிமிஷம்.”

அந்தத் திருப்பத்தைத் தாண்டினால் இன்னொரு திருப்பம். அதையும் தாண்டியபின் தலைக்கு நேரே உச்சி போல ஒன்று தெரிந்து, கிட்டப் போனதும் அது உச்சிக்குப் போகும் வழியிலுள்ள வெறும் தோள் என்று தெரிந்தது. இப்படித் தோள் எல்லாம் உச்சியாகத் தோன்றுவதற்குக் காரணம் பாலைவனத்தின் வெளிப்படைத்தன்மை. காட்டு மலையில் மரம் மறைக்கும். ஆகவே எதிர்பார்ப்பும் மறைந்திருக்கும். இங்கே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வறண்ட காற்றில் தூசியும் ஈரமும் குறைவாக இருந்தால் தொலைவிலுள்ள பாறைகூடக் கூர்மையாகத் தெரியும். கூர்மையாகத் தெரிவதைக் கண் ‘பக்கம்’ என்று கணக்கு வைத்துக்கொள்ளும். அளவு பார்க்க நமக்குப் பழகிய மரமும் இல்லை. சவாரோக் கள்ளி உண்டு. அது நாற்பது அடியும் வளரும், ஆளுயரத்திலும் நிற்கும். எதிர்ச் சரிவில் தெரிவது எந்த உயரத்துக் கள்ளி என்று யார் சொல்வது?

சவாரோவின் கால உணர்வு பற்றி ஒரு வார்த்தை. முதல் எட்டு ஆண்டுகளில் அது வளர்வது ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம். முதல் கை முளைக்க ஐம்பது முதல் எழுபது ஆண்டு, மழை குறைந்த இடத்தில் நூறும் ஆகலாம். அதன் பார்வையில் அண்ணன் சொன்னது பெரிய பிழையல்ல.

எதிரே இறங்கி வந்த உள்ளூர்க்காரர்களிடமும் தம்பி விசாரித்தார். தொப்பி வைத்த ஒரு முதியவர் “ஆல்மோஸ்ட் தேர்” என்றார். அவருக்குக் கால் மைல் பின்னால் வந்த பெண்மணியும் அதையே சொன்னார். ஆகவே இது தமிழருக்கு மட்டும் உரிய குணக்கேடு என்ற கருத்தை, இக்கட்டுரையாளரின் மாமியார் உள்ளிட்ட பலர் கொண்டிருப்பினும், மறுக்க வேண்டியுள்ளது. இறங்குகிறவர் தம் இறங்கு காலாலேயே தூரத்தை அளக்கிறார். புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1993-இல் தந்த நடைவேகச் சமன்பாட்டில், மெல்லச் சரியும் இறக்கத்தில்தான் மனிதன் மிக வேகமாக, மணிக்கு 6 கிலோமீட்டர் நடக்கிறான். நாலுக்கு ஒன்று என்ற சரிவுக்கு அதைப் பொருத்திப் பார்த்தேன். இறங்க 10 நிமிடம் ஆகும் தூரத்தை ஏற 14 நிமிடம் ஆகிறது. அந்த முதியவரின் பொய்யில் நான்கு நிமிடத்துக்கு டோப்ளர் பொறுப்பேற்கிறார். மீதி முப்பது நிமிடத்துக்குப் பொறுப்பேற்க அறிவியலில் ஆள் இல்லை. முகம் தெரியாத ஒருவன் பாறைமேல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது வரும் இரக்கத்தைத்தான் சொல்ல வேண்டும்.

கணவாயிலிருந்து ஐம்பது நிமிடம் கழித்து, முகட்டின் மேல் கிங் கேன்யன், ஹியூ நாரிஸ் பாதைகள் கூடும் சந்தியை அடைந்தோம். உச்சிக்கு 0.3 மைல் என்று பலகை. அண்ணன் பலகையைத் தட்டிக் காட்டி, “இப்ப நிஜமாவே பத்து நிமிஷம்டா” என்றார். ஆய்வின் திருப்புமுனை இதுவே. அன்று சொல்லப்பட்ட எல்லாப் பத்து நிமிஷங்களிலும் இந்த ஒன்றுதான் உண்மை. இந்த ஒன்றைத்தான் தம்பி நம்பவில்லை. “நீங்க போயிட்டு வாங்கண்ணா” என்று பையைக் கழற்றிப்போட்டார். புலி வருது கதையில் நிஜப் புலி வந்த கட்டம் இது.

அவரை எழுப்பியது அண்ணி. மேலேயிருந்து இறங்கி வந்து, ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து பாதியைக் கொடுத்து, “மீதி மேல இருக்கு” என்றார். அண்ணி அன்று முழுக்க ‘பத்து நிமிஷம்’ என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை என்பதை என் குறிப்பேடு காட்டுகிறது.

இதிலிருந்து நான் வந்து சேரும் முடிவு: பத்து நிமிஷம் கால அளவையே அல்ல, கட்டுச்சோறு வகையைச் சேர்ந்தது. ஆரஞ்சுப் பழம், உப்புப் போட்ட மோர், கடலை மிட்டாய் ஆகியவற்றோடு வைத்து எண்ணத்தக்கது. அண்ணன் அதைச் சுமந்து வந்து, தேவைப்படும் இடத்தில் தேவைப்படுபவனுக்கு எடுத்துக் கொடுக்கிறார். கணவாயில் அவர் உள்ளபடி ‘ஒண்ணேகால் மைல், சுவர் மாதிரி ஏத்தம்’ என்று சொல்லியிருந்தால் தம்பி அங்கேயே திரும்பியிருப்பார். கெட்டுப்போகக்கூடிய பண்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோடையில் அதை எடுத்துப் போகவே கூடாது. 2023 ஜூன் இறுதியிலிருந்து ஜூலை இறுதிவரை ஃபீனிக்ஸ் நகரம் தொடர்ந்து 31 நாள் 110 பாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. கேமல்பேக் போன்ற நகரத்து மலைப்பாதைகளைக் கடும் வெயில் எச்சரிக்கை நாட்களில் அந்நகராட்சி பகலில் மூடியே விடுகிறது. பாதித் தண்ணீர் தீர்ந்தால் திரும்பு என்பதே அங்கே விதி. அந்த விதிக்கு எதிரே எந்த அண்ணனின் பத்து நிமிஷமும் செல்லாது. ஜூன் மாதத்தில் ஒருவர் உங்களிடம் ‘இன்னும் பத்து நிமிஷம்தான்’ என்றால் அவர் நண்பரல்ல.

உச்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காற்று அடித்தது. கிழக்கே டூசான் நகரமும் அதன் பின்னால் கேட்டலினா மலைத்தொடரும், தென்மேற்கே கிட் சிகரத்து வானாய்வகமும், அதற்கும் அப்பால் டொஹோனோ ஓஓதாம் மக்கள் தெய்வத்தின் இருப்பிடமாக வணங்கும் பாபோகிவாரிச் சிகரமும் தெரிந்தன. ஆரஞ்சின் மறுபாதி தம்பிக்குக் கிடைத்தது.

வட்டப்பாதைக்கே உரிய ஒரு நுட்பம் இங்கே வெளிப்படுகிறது. போன வழியே திரும்பும் பாதையில், ‘திரும்பிடலாமா?’ என்ற ஆயுதம் நடப்பவன் கையில் கடைசிவரை இருக்கும். வட்டத்தில் அது ஓரிடத்தில் மொட்டையாகிறது. உச்சியில் நிற்கும்போது வந்த வழி மூன்றரை மைல், வட்டத்தின் மிச்சம் நாலரை மைல். கணக்குத் தெரிந்தவன் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். அண்ணன் கணக்குப் பேசவில்லை. ‘இனிமே இறக்கம்தான்’ என்று மட்டும் சொல்லிச் சந்திவரை இறக்கி, முகட்டின் மேற்குப் பக்கம் நடத்திவிட்டார். சந்தியைத் தாண்டி அரை மைல் போனதும் முன்னும் பின்னும் தூரம் சமமாகிவிடுகிறது. அதற்கப்பால் திரும்புவதுதான் தொலைவு. தம்பி ‘திரும்பிடலாமா’ என்று கேட்டது சரியாக அதற்குப் பின். “திரும்பினாத்தான்டா தூரம்” என்றார் அண்ணன். வட்டப்பாதையை ஆர்வத்தோடு பரிந்துரைக்கும் நண்பர்களிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

முகட்டு நடையில் எனக்கே ஒரு விபத்து நேர்ந்தது, தரவாக ஏற்கலாம். அங்கே ஒருவகைக் கள்ளி உண்டு. ஆங்கிலத்தில் எழுதுவது ஒரு விதம், உச்சரிப்பது ‘சோயா’. சாப்பிடும் சோயாவுக்கும் இதற்கும் உறவில்லை. பார்த்தால் பஞ்சுப் பொம்மை போல இருக்கும். லேசாக உரசினால் ஒரு கணுவே கழன்று வந்து ஒட்டிக்கொள்ளும். முள் நுனியில் பின்னோக்கிய கொக்கிகள் இருப்பதால் கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். தம்பி திரும்பிப் போக நினைத்த கணத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே ஒதுங்கி நின்றதில், என் கெண்டைக்காலில் ஒன்று பதிந்தது. இதற்கு அனுபவசாலிகள் கொண்டுபோகும் கருவி சாதாரணச் சீப்பு. முள்ளுக்கும் தோலுக்கும் நடுவே பற்களை நுழைத்து ஒரே வீச்சில் தள்ள வேண்டும். என் பையில் பெரிய பல் வைத்த சீப்பு ஒன்று இருந்தது. அண்ணி அதை வாங்கி வேலையை முடித்தார். வலி எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டேன். “பத்து நிமிஷம்” என்றார் அண்ணன், அண்ணி வாய் திறப்பதற்கு முன்.

மற்றது இறக்கம். மாலை மூன்று மணிக்கு வண்டிக்கு வந்து சேர்ந்தோம். தம்பி காலணியைக் கழற்றிக்கொண்டே அடுத்த சனிக்கிழமை ஃபிளாட்அயர்ன் மலைக்குப் போகலாமா என்று கேட்டார்.

அன்று முகட்டில் கைமாறிய சீப்பு இன்னும் என்னிடம் திரும்பி வரவில்லை. பழுப்பு நிறம், ஒரு பல் உடைந்தது. எவர் பையில் இருந்தாலும் அடுத்த நடைக்குள் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.