விலையில்லாக் காவலாளி

தமிழ்நாடு அரசு 2011இல் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது ‘இலவசம்’ என்ற சொல்லை ஓரங்கட்டிவிட்டு ‘விலையில்லா’ என்று போட்டுக்கொண்டது. வாங்குகிறவர் மனம் கோணக்கூடாது என்பதற்காக இருக்கும். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு குறும்பு உண்டு. காசு கொடுக்க வேண்டாத பொருளும் விலையில்லாததுதான். கோடி கொடுத்தாலும் கிடைக்காத பொருளும் விலையில்லாததுதான். சந்தையில் யாரும் சீந்தாத பொருளும் விலையில்லாததுதான். வீட்டு மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு “நல்லதா ஒரு ஃப்ரீ ஆன்டிவைரஸ் சொல்லுங்க” என்று கேட்கிறவர் முதல் பொருளை மனதில் வைத்துக் கேட்கிறார். கைக்கு வருவது பெரும்பாலும் மூன்றாவது. ஆகவே அந்தக் கேள்விக்கு என் பதில் ஒரே சொல்தான்: வேண்டாம். புதிதாக எதையும் போடாதீர்கள். ஏன் என்று சொல்வதற்குத்தான் கொஞ்சம் இடம் பிடிக்கும்.

முதலில் நோயாளியைப் பார்த்துவிடுவோம். 4 ஜிபி ராம். உள்ளே தட்டு சுற்றுகிற பழைய ஹார்டு டிஸ்க். மானிட்டருக்குப் பூப்போட்ட உறை. சிபியு நெற்றியில் போன ஆயுத பூஜையின் சந்தனம் காய்ந்து பாதி உதிர்ந்திருக்கும். கரண்ட் போனால் கத்துவதற்கு மட்டும் உயிரை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு யுபிஎஸ். பிள்ளை படிப்பதற்காக வாங்கியது. பிள்ளை இப்போது வேறு ஊரில், வேறு லேப்டாப்பில். இது பெரியவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது: கரண்ட் பில், பேங்க் கணக்கு, ரயில் டிக்கெட். பவர் பட்டனை அழுத்திவிட்டுப் போய் காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால், அம்புக்குறி பக்கத்தில் இன்னும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம். “ஸ்லோவா இருக்கு, வைரஸ் பூந்திருக்கும்” என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு. குத்தகைக்கு எடுத்தவன் வயலைக் காயவிட மாட்டான். கம்ப்யூட்டருக்குள் குடியேறிச் சம்பாதிக்கிற திருட்டு மென்பொருளுக்கும் அது சத்தமில்லாமல் ஓட வேண்டும் என்பதுதான் ஆசை. வேகம் குறைந்ததற்குக் காரணம் வயது. அந்த வயதான உடம்பில்தான் நாம் இன்னொரு ஆன்டிவைரஸை ஏற்றுகிறோம். அதன் வேலையே, எந்தக் கோப்பைத் திறந்தாலும் “கொஞ்சம் இரு, நான் பார்த்துவிட்டுத் தருகிறேன்” என்று கையை நீட்டுவது. மூச்சு வாங்குகிறவரை மாடிப்படி ஏறச் சொல்லி வைத்தியம் பார்ப்பதுபோல.

சரி, அப்படியே திறந்துபோட்டுவிடலாமா என்றால், அது இல்லை. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. (விண்டோஸ் 7இல் அதே பெயரில் இருந்தது அரைகுறை, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும்: “சும்மா வர்றது எப்படிங்க நல்லா இருக்கும்?” இன்னொரு ஃப்ரீயைத் தேடிக்கொண்டிருக்கிறவர்தான் இதைக் கேட்பார். போகட்டும். மறுப்பில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. டிஃபெண்டரின் முன்னோடியாக 2009இல் மைக்ரோசாஃப்ட் விட்ட செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ், ஜெர்மனியின் மாக்டபர்க் நகரத்து ஏவி-டெஸ்ட் சோதனைக்கூடத்தில் 2012இல் சான்றிதழ்கூடக் கிடைக்காமல் திரும்பியது. பிறகு பையன் ஒழுங்காகப் படித்துவிட்டான். இன்று அதே கூடத்தின் பட்டியலிலும் ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் பட்டியலிலும் காசு கொடுத்து வாங்குகிறவைகளோடு சரிசமமாக அதுவும் நிற்கிறது. நம்பாதவர்கள் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு 68 எழுத்தில் ஒரு பொய் வைரஸை உருவாக்கி வைத்திருக்கிறது. யாருக்கும் தீங்கு செய்யாது. ஆனால் கண்டால் கத்த வேண்டும் என்று ஆன்டிவைரஸ்காரர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்ட ஒத்திகைத் திருடன். அந்த 68 எழுத்தையும் நோட்பேடில் ஒட்டிச் சேமித்துப் பாருங்கள். டிஃபெண்டர் பிடரியைப் பிடித்துவிடும். பழைய ஹார்டு டிஸ்கில் டிஃபெண்டரும் இறகுபோல லேசானது அல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வாடகை கேட்காது. அடுத்த பேச்சு அந்த வாடகையைப் பற்றியதுதான்.

வெளியிலிருந்து வருகிற ஃப்ரீ ஆன்டிவைரஸுக்கும் பிழைப்பு நடக்க வேண்டும். நூற்றுக்கணக்கான இன்ஜினியர்களுக்கு மாதா மாதம் சம்பளம் போக வேண்டும். நம்மிடம் வாங்காத சம்பளம் வேறு எங்கிருந்தோ வருகிறது. வலது பக்கக் கீழ் மூலையில் பெட்டி ஒன்று எழும்பி, கம்ப்யூட்டரில் ஏதோ நாலு ஆபத்து என்று சிவப்பில் சொல்லும். சரி செய்யப் போனால் நாலாவது ஆபத்து, நாம் இன்னும் காசு கட்டாதது. இது சில்லறைத் தொல்லை. பெரிய கதை அவாஸ்டுடையது. செக் நாட்டில் பிறந்து, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வீடுகளில் குடியிருந்த ஃப்ரீ ஆன்டிவைரஸ். யாரும் உங்களை வேவு பார்க்காமல் தடுப்போம் என்பது அது கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று. யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள், எதைத் தேடினார்கள் என்ற கணக்கு ஜம்ப்ஷாட் என்ற அதன் துணை நிறுவனம் வழியாக விற்பனைக்குப் போய்க்கொண்டிருந்தது 2020 ஜனவரியில் அம்பலமானது. ஜம்ப்ஷாட் இழுத்து மூடப்பட்டது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024இல் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொல்லி, இனி இப்படி விளம்பரத்துக்கு விற்கக்கூடாது என்றும் உத்தரவு போட்டது. அதாவது வாசலில் நின்ற காவலாளி, யார் வந்தார்கள், வீட்டுக்காரர் எங்கே போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார் என்று நோட்டுப் போட்டு எழுதித் தெருமுனையில் விற்றிருக்கிறார். “சரி, அது வேண்டாம், ஏவிஜி போட்டுக்கறேன்” என்றால், ஏவிஜியை அவாஸ்ட் 2016இலேயே வாங்கிவிட்டது. அவிரா? நார்ட்டன் வாங்கியது. பிறகு நார்ட்டனும் அவாஸ்டும் 2022இல் ஒன்றாகி, இப்போது ஜென் டிஜிட்டல் என்று பெயர். நாலு கடை ஏறி இறங்கி விசாரித்து வாங்குகிறோம். நாலுக்கும் கல்லாப்பெட்டி ஒன்று. இப்போது அவர்கள் திருந்தியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் திருந்தினார்களா என்று கண்காணிப்பதும் நம் வேலையாகிவிட்டால், காவலாளிக்குக் காவல் நிற்க இன்னொரு ஆள் தேட வேண்டும்.

“ஒண்ணுக்கு ரெண்டா இருந்தா நல்லதுதானே?” பூட்டுக்கு அது பொருந்தலாம், ஆன்டிவைரஸுக்குப் பொருந்தாது. ஒரே கோப்பை இரண்டு பேர் பிடித்து இழுத்தால் கோப்பும் நகராது, கம்ப்யூட்டரும் நகராது. அதனால்தான் இன்னொன்று வந்ததும் டிஃபெண்டர் தானாக எழுந்து இடம் கொடுத்துவிடுகிறது. அதைவிடப் பெரிய விஷயம், ஆன்டிவைரஸ் என்பது வீட்டுக்குள் எந்த அறைக்கும் சாவி வைத்திருக்கிற ஆள். அவருக்குப் புத்தி தடுமாறினால் திருடனே தேவையில்லை. 2010 ஏப்ரலில் மெக்கஃபி ஒரு தவறான அப்டேட்டை அனுப்பியது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடுவதற்கே தேவையான ஒரு கோப்பை அது வைரஸ் என்று முடிவு கட்ட, உலகெங்கும் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய அப்டேட்டில் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை போட்டுக்கொண்டன. விமான நிலையங்களில் ஆட்கள் கையால் எழுதிப் போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அதே ஆண்டு அமெரிக்க அரசு காஸ்பர்ஸ்கை என்ற ஆன்டிவைரஸைத் தடை செய்தபோது, அங்கே அதை வைத்திருந்தவர்களின் கம்ப்யூட்டரில் காஸ்பர்ஸ்கை தன்னைத்தானே கழற்றிக்கொண்டு அல்ட்ராஏவி என்ற வேறொன்றை உட்கார வைத்துவிட்டுப் போனது. ராத்திரி படுக்கும்போது ஒரு வாட்ச்மேன், காலையில் கதவைத் திறந்தால் அவர் நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்துகொண்டு வணக்கம் சொல்கிறார்.

உண்மையான பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது: விண்டோஸ் அப்டேட். வானாக்ரை என்ற திருட்டு மென்பொருள் 2017 மே 12 அன்று கிளம்பி ஏறக்குறைய 150 நாடுகளில் கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே அனுப்பிவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு மாதம். ‘பிறகு நினைவூட்டு’ என்று அழுத்தியவர்களின் வீட்டுக்குத்தான் அது வந்தது. பழைய கம்ப்யூட்டரின் சிக்கலும் இங்கேதான். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுவிட்டது. அதில் குரோம்கூட 2023 தொடக்கத்தோடு வளர்வதை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 கடைசி நாள். விண்டோஸ் 11க்கு மாறலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற சில்லு வேண்டும், புதிய பிராசசர் வேண்டும் என்கிறார்கள். பூப்போட்ட உறைக்குள் அதெல்லாம் கிடையாது. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதனோடு இணைத்துக்கொண்டால் 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்பு காசில்லாமல் கிடைக்கும். “டிஃபெண்டருக்கு 2028 வரைக்கும் அப்டேட் வருமாமே, அது போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. வரும், உண்மைதான். ஆனால் அது திருடர்களின் போட்டோ பட்டியல். மதில் சுவரைப் பூசுகிற சிமென்ட் அல்ல. சுவர் இடிந்து கிடக்கும்போது கேட்டில் நிற்கிறவர் கையில் எத்தனை போட்டோ இருந்து என்ன?

விண்டோஸ் 7இலேயே நிற்கிற கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸைச் சொன்னாலும் நான் பொய் சொன்னவனாவேன். லினக்ஸ் மின்ட் போடுங்கள். 4 ஜிபியில் மரியாதையாக ஓடும், அப்டேட்டும் வரும், காசும் கேட்காது. “இந்த வயசுல லினக்ஸா?” என்பது நியாயமான மறுப்பாகத் தோன்றும். ஆனால் பெரியவர் திறப்பது ஃபயர்பாக்ஸ் ஒன்றைத்தான், அதில் போவது நாலு தளத்துக்கு. அந்த நாலும் எதில் திறந்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். டேலியில் கணக்கு எழுதுகிறவர், பேஜ்மேக்கரில் பழைய தமிழ் எழுத்துருவை வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர் ஆகியோருக்கு இந்த யோசனை செல்லாது. அவர்கள் அந்தக் கம்ப்யூட்டரின் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக வேலையைப் பார்க்கலாம், கண்ட பென் டிரைவையும் செருகாமல் இருந்தால்.

“எங்கிட்ட திருடறதுக்கு என்ன சார் இருக்கு?” இந்தத் தன்னடக்கத்தைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். 1986இல் லாகூரைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் எழுதிய பிரெய்ன் வைரஸில் அவர்களுடைய பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் இருந்தன. விசிட்டிங் கார்டு வைத்துவிட்டுப் போன திருடர்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இப்போது வருகிறவனுக்குப் புகழ் வேண்டாம், டெஸ்க்டாப்பில் ‘முக்கியம்’ என்ற பெயரில் இருக்கிற நோட்பேட் கோப்பு போதும். பேங்க் பாஸ்வேர்டிலிருந்து கேஸ் கன்ஸ்யூமர் நம்பர் வரை அதில்தான் இருக்கும். பக்கத்திலேயே ஆதார், பான் கார்டு ஸ்கேன், முன்பக்கமும் பின்பக்கமும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஃப்ரீ வேண்டாம், காசு கொடுத்து வாங்குகிற ஆன்டிவைரஸே வேண்டும், ஆனால் காசு கொடுக்க மாட்டேன் என்கிற கூட்டம். சென்னையிலேயே பிறந்து வளர்ந்த கே7, புனேயின் குவிக் ஹீல் என்று நம்மூர் நிறுவனங்கள் நியாயமாக ஒரு விலை வைத்து விற்கின்றன. காசு கொடுத்து வாங்குகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இவர்கள் அதற்குக் கிராக் தேடுவார்கள். அந்தக் கிராக்கை ஓட்டுவதற்கு முன் அது போடுகிற முதல் நிபந்தனை என்ன தெரியுமா? இப்போது இருக்கிற ஆன்டிவைரஸை அணைத்துவிடு. காவலுக்கு ஆள் வைப்பதற்காக, கதவைத் திறந்து போட்டுவிட்டு, முகம் தெரியாத ஒருவனிடம் சாவியையும் கொடுக்கிறோம். கடைக்காரர் போட்டுக் கொடுத்த விண்டோஸை ‘ஆக்டிவேட்’ செய்கிற சமாசாரமும் இதே வகைதான்.

போட்டிருக்கிற ஃப்ரீயைக் கழற்றிவிட்டு என்ன செய்வது என்றால், ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜினைப் போடுங்கள். விளம்பரங்களை வடிகட்டும் அந்தச் சின்னப் பொருளை எழுதியவர் நன்கொடைகூட வாங்குவதில்லை. விளம்பரம் குறைந்தால் பழைய கம்ப்யூட்டரின் மூச்சிரைப்பும் குறையும். “உங்கள் கம்ப்யூட்டர் பாதிக்கப்பட்டுள்ளது, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்” என்று அலறுகிற பக்கங்களில் பலவும் வாசலோடு நின்றுவிடும். அப்படியே ப்ரௌசரின் நோட்டிஃபிகேஷன் அனுமதியையும் பாருங்கள். என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு தளம் கேட்டதற்கு ‘அலோ’ என்று அழுத்தியிருப்போம். ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது என்று தினமும் மூலையில் குதிப்பது பல நேரம் அந்தத் தளம்தான், வைரஸ் அல்ல. போனில் போலீஸ் உடையில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்கிறவனைத் தடுக்க எந்த மென்பொருளும் கிடையாது. சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை. துண்டித்துவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குச் சொல்ல வேண்டியதுதான். அவன் சொன்னதை நம்பி, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கவிடும் எனிடெஸ்க்கைப் போட்டுக்கொண்டால் ஆன்டிவைரஸ் வாயைத் திறக்காது. வீட்டுக்காரரே அழைத்து வந்த விருந்தாளி அல்லவா?

கழற்றுவதும் அவ்வளவு சுலபமில்லை. அன்இன்ஸ்டால் அழுத்தியதும் நிஜமாகவா என்று கேட்கும். ஆமாம் என்றால், பாதி விலைக்குத் தருகிறேன், இருக்கட்டுமே என்று இழுக்கும். அதையும் தாண்டினால் ப்ரௌசரைத் திறந்து, எங்களை விட்டு ஏன் போகிறீர்கள் என்று காரணப் பட்டியல் ஒன்றை நீட்டும். கதவை மூடிவிடுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் டிஃபெண்டர் தானாகக் கண் விழித்து, ஒரு சின்னக் கேடயத்தில் பச்சை டிக்கோடு கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வலது பக்கக் கீழ் மூலை ஒரு வாரத்துக்கு வெறிச்சென்று இருக்கும். பெரியவர் போன் போட்டு, “ஏம்ப்பா, ஒண்ணுமே வர்றதில்லையே, வேலை செய்யுதா?” என்று கேட்பார்.