அழியாப் பேரேட்டின் ஆயுள்

தரவுத்தளத்தில் ஒரு வரியைத் திருத்த, முழு அனுமதி உள்ள நிர்வாகிக்கு அரை நிமிடம் போதும். தடயம் விடாமலும் செய்யலாம். இந்தப் பயத்துக்கு மருந்தாக 2019-இல் அமேசான், க்யூஎல்டிபி என்ற பேரேட்டைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஷா-256 முத்திரை. முந்தையதன் முத்திரை அடுத்ததற்குள் கோக்கப்பட்டிருக்கும். பழைய கணக்கில் ஒரு காற்புள்ளியை நகர்த்தினாலும் சங்கிலி காட்டிக்கொடுத்துவிடும்.

கணிதத்தில் ஒரு குறையும் இல்லை. 2025 ஜூலை 31-ஆம் தேதியோடு கடையைச் சாத்திவிட்டார்கள், அவ்வளவுதான். மாறாத வரலாற்றை மூட்டை கட்டிக்கொண்டு எங்கே போவது? அரோரா போஸ்ட்கிரெஸ் என்ற வழக்கமான தரவுத்தளத்துக்குப் போகலாம் என்று நிறுவனமே வழிகாட்டியது. அதாவது, அந்த அரை நிமிட நிர்வாகியிடமே.

ஷ்யூரிட்டி என்ற நிறுவனம் 1995 முதல் இந்த முத்திரை வேலையையே வேறு விதமாகச் செய்தது. வாரம் ஒரு முத்திரையை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் சிறு விளம்பரமாக அச்சிட்டது. அதைத் திருத்த நினைப்பவர் முதலில் ஊர் ஊராகப் போய்ப் பழைய பேப்பரைத் திரட்ட வேண்டும்.

(முதல் நாளே தப்பாக ஏற்றிய தொகையையும் பேரேடு அதே விசுவாசத்தோடு காக்கும் என்பதை எந்த விற்பனையாளரும் வலியச் சொல்வதில்லை.)

அழியாப் பேரேடு வாங்கப் போகிறவர்களே, விலையைக் கேட்பதற்கு முன் மூடுவிழாத் தேதியைக் கேளுங்கள். முத்திரையை ஏதாவதொரு நாளிதழில் அச்சடித்தும் வையுங்கள்.