நேத்திக்கு என்ன சாப்பிட்டேள்?

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு சீமந்தப் பந்தி. உணவியலில் பி.எச்டி. பண்ணும் பெண் இலையில் உட்கார்ந்ததுதான் தாமதம், எதிர் வரிசை மாமா ஒருவர், "சமையலுக்கெல்லாம் டாக்டர் பட்டம் குடுக்கறாளா?" என்றார். அடுத்த மூச்சிலேயே, "எனக்கு ஷுகர். இந்த ஜாங்கிரி சாப்பிடலாமோ?" என்றும் கேட்டார். கேட்கும்போதே பாதி ஜாங்கிரி உள்ளே போயிருந்தது.

அந்தப் பெண்ணுக்குச் சித்தப்பா முறையான இக்கட்டுரையாளருக்கு எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. உணவியலில் முனைவர் ஆவது எப்படி என்பதை ஊருக்கு ஒழுங்காக விளக்கிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறார்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. சாம்பாருக்கு எதற்கு இத்தனை வருஷம் என்பவர்கள், ஒரே ஒரு மனிதர் நேற்று என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதி வரட்டும். '24 மணி நேர நினைவுகூரல்' என்று இதற்குப் பெயர். 1972இல் தொடங்கிய தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புப் பணியகம் அளவுக் கிண்ணங்களோடு வீடு வீடாகப் போய் இப்படித்தான் கணக்கெடுத்தது. அந்தப் பணியகத்தார் கிழக்கு உத்தர வீதி மாமியைப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் பெண் தன் ஆய்வுக்காகக் கிண்ணமும் படிவமுமாக அவரிடம் போனாள்.

"நேத்திக்கா? ஒண்ணுமே சாப்பிடலையே! ஏகாதசின்னா?"

"பலகாரம் ஏதாவது, மாமி?"

"அரிசி உப்புமா. அது சாப்பாட்டுல சேர்த்தியா?"

(அரிசி உடைந்தால் சாதமாகாது. இது விஞ்ஞானத்துக்கு எட்டாத விதி.)

"இந்தக் கிண்ணத்துக்கு எவ்வளவு இருக்கும்?"

"கொஞ்சூண்டு."

"எண்ணெய்?"

"தாளிக்கத்தான்."

"தொட்டுக்க?"

"கத்திரிக்கா கொத்சு. அதுவும் கொஞ்சூண்டு."

"காபி எத்தனை?"

"ஒண்ணுதான். மாமா எழுந்தப்புறம் அவருக்குத் துணையா அரை டம்ளர். சாயங்காலம் நாட்டுப்பெண் போட்டா, வேண்டாம்னா மனசு கஷ்டப்படுவாளேன்னு…"

படிவத்தில் 'கொஞ்சூண்டு' என்று ஒரு கட்டம் கிடையாது. கேட்கப் போன அன்று துவாதசி. விடியற்காலையிலேயே பாரணை, சுண்டைக்காய், அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி. அதைக் கேட்டால் மாமி மூச்சு விடாமல் ஒப்பிப்பார். ஆனால் படிவம் கேட்பது முந்தின நாள் கணக்கை. இதே உரையாடல் மேலச் சித்திரை வீதியிலும் நடந்தது, அங்கே உப்புமாவுக்குப் பதில் ஜவ்வரிசிக் கிச்சடி. தெற்கு உத்தர வீதியில் ஒரு மாமா மட்டும் நேர்மையாக, "என்ன சாப்பிட்டேன்னு உங்க மாமியைக் கேளு" என்றார். மாமி, "நான் போட்டது தெரியும், வெளியில தின்னது எனக்கெப்படித் தெரியும்?" என்றார்.

எழுதி வந்ததைச் சத்தாக மாற்றுவது அடுத்த கூத்து. 2017இல் வந்த இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. பெரும்பாலும் சமைக்காதவை. சாத்தமுது, கறியமுது, திருக்கண்ணமுது எதற்கும் அங்கே இடமில்லை. ஆகவே சாத்தமுதைப் பருப்பாகவும் புளியாகவும் தக்காளியாகவும் திரும்பப் பிரித்து, ஒரு கரண்டிக்கு எத்தனை கிராம் என்று கணக்குப் போட வேண்டும். இத்தனை வீட்டுக்கும், இத்தனை கரண்டிக்கும்.

இந்த விஷயத்தில், குன்னூரில் உணவாராய்ச்சி செய்த ராபர்ட் மெக்கரிசன் கொடுத்துவைத்தவர். 1918இல் அவர் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அவர் மாகாணத்துக்கு ஒரு சாப்பாடாக எலிகளுக்குப் போட்டு எடை பார்த்தார். ரொட்டி, பால், வெண்ணெய் என்று சீக்கியர் சாப்பாடு தின்றவை கொழுத்தன. அரிசியை நம்பிய சென்னை மாகாணத்துச் சாப்பாட்டு எலிகள் கடைசி வரிசை. ஆனாலும் ஒரு எலிகூட அவரிடம் 'கொஞ்சூண்டு' என்று சொல்லவில்லை. துணைக் காபியும் குடிக்கவில்லை.

ஜாங்கிரி மாமாவின் வீடும் எங்கள் பெண்ணின் பட்டியலில் இருக்கிறது. வரும் வியாழக்கிழமை போகிறாள்.

சித்திரை வீதி, உத்தர வீதி வாசகர்களே, ஒரு பெண் கிண்ணமும் படிவமுமாக வாசலில் நின்றால் டயட் கேட்காதீர்கள். அந்த அரை டம்ளர் காபியைச் சொல்லிவிடுங்கள், போட்ட சர்க்கரையோடு.