குரும்பகரத்துத் துப்பறியும் அத்தை

கொலையே நடக்காத ஊரில் துப்பறிவாளருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் குரும்பகரம் பக்கம் வந்ததில்லை. இங்கே காணாமல் போவதற்குக் கருவாடு இருக்கிறது. ஒற்றைச் செருப்பு இருக்கிறது. கொல்லையில் விழுந்த தேங்காய் இருக்கிறது. கல்யாணத்துக்கு இரவல் கொடுத்த அண்டாவின் மூடி இருக்கிறது. இத்தனையையும் விசாரிக்கத் தெருவுக்கு ஒரு அத்தையும் உண்டு.

எங்கள் தெரு அத்தைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கண்ணில் புரை எடுத்த பிறகு பார்வை முன்னைவிடக் கூர்மை. டாக்டர் செய்தது நன்மைதானா என்று தெருவில் இரண்டு கருத்து உண்டு. திண்ணையின் வடகோடியில், வருகிறவர் முகமும் போகிறவர் கைப்பையும் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பார். உறவுமுறையில் அவர் யாருக்கு அத்தை என்று கேட்டால் தெருவே யோசிக்கும். காலடியில் எப்போதும் இரண்டு மூன்று பூனைகள். “நான் வளக்கலப்பா. அதுவா வருது, அதுவா போவுது” என்பார். சொல்லும்போதே கை சோற்றில் மீன் முள்ளைப் பிசைந்துகொண்டிருக்கும்.

வண்டி எண்ணைப் பார்த்தே அவர் பாதி வழக்கை முடித்துவிடுவார். பி.ஒய். 02 என்றால் நம் காரைக்கால் வண்டி, விசாரணை வேண்டியதில்லை. டி.என். 51 நாகப்பட்டினம், டி.என். 50 திருவாரூர், டி.என். 82 மயிலாடுதுறை. “குடும்பத்தோட வந்தா திருநள்ளாத்துக்கு. நாலு ஆம்பளையா வந்தா எதுக்குன்னு நான் சொல்லணுமா?” பொண்ணு பார்க்க வருகிற கார் தெருமுனையில் திரும்பும்போதே, எந்த வீட்டு வாசலில் நிற்கும் என்பதை மாப்பிள்ளைக்கு முன்னால் அத்தை தெரிந்துகொள்வார்.

இந்தக் கண்ணோட்டம் மண்ணிலேயே ஊறியது என்பது என் கட்சி. 1739-இல் தஞ்சை அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை வாங்கினார்கள். 1954 நவம்பர் 1-ஆம் தேதி வரை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி, அந்தப் பக்கம் வேறு ஆட்சி. நடுவில் சுங்கக் காவல். யார் தலைச்சுமையில் என்ன போகிறது, போகும்போது மெலிந்திருந்த ஆள் திரும்பி வரும்போது ஏன் பருத்திருக்கிறார் என்றெல்லாம் அந்நாளில் பார்த்துப் பழகிய ஊர்கள் இவை. எல்லை போன பிறகும் பார்க்கிற பழக்கம் போகவில்லை. சுங்க இலாகா செய்த வேலையை அத்தைமார்கள் சம்பளமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

அத்தை படித்தவரும்கூட. ராணிமுத்து, மாலைமதி, க்ரைம் நாவல் எல்லாம் பெட்டி பெட்டியாக வைத்திருக்கிறார். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் சுசீலா என எல்லோரும் அவருக்கு ஒன்றுவிட்ட உறவு. தேவனின் சாம்புவை மட்டும் பிடிக்காது. “அவன் தானா எதையும் கண்டுபுடிக்க மாட்டான். கண்டுபுடிச்சது வந்து அவன் மேல விழும்.” இதில் கொஞ்சம் தொழில் பொறாமை இருப்பதாக எனக்குத் தோன்றும்.

அவரிடம் புத்தகம் இரவல் வாங்குவதில் ஒரு ஆபத்து உண்டு. முதல் பக்கத்திலேயே பால்பாயிண்ட் பேனாவால் கொலைகாரன் பெயரை எழுதி வைத்திருப்பார். பாதி படிக்கும்போதே எழுதுவது வழக்கமாதலால் சில புத்தகங்களில் அது தப்பாக இருக்கும். கடைசிவரை அத்தையை நம்பிப் படித்து, எழுத்தாளரிடமும் அத்தையிடமும் சேர்த்து ஏமாந்த அனுபவம் எங்கள் தெருவில் பலருக்கு உண்டு.

இப்படி இருந்தவரைப் பூனைத் துப்பறியும் கதைகள் பக்கம் திருப்பியது பிரான்சில் இருக்கும் அண்ணன் மகள். காரைக்காலில் பிரான்சு என்பது அடுத்த தெரு மாதிரி; வீட்டுக்கு ஒரு ஆள் அங்கே இருப்பார், அல்லது இருந்தவரின் பென்ஷன் இங்கே வந்துகொண்டிருக்கும். அந்தப் பெண் வாட்ஸப்பில் கூப்பிட்டு, தான் படித்த புத்தகத்தைத் தவணை முறையில் சொல்லுவாள். லிலியன் ஜாக்சன் பிரவுன் என்ற அமெரிக்க அம்மாள் எழுதிய தொடர் அது. 1966-இல் முதல் புத்தகம், 1968-க்குள் மூன்று, பிறகு பதினெட்டு வருஷம் ஒன்றுமில்லை, 1986-இல் மறுபடி ஆரம்பித்து மொத்தம் 29. கதாநாயகர் குவில்லரன், பெரிய மீசை வைத்த பத்திரிகைக்காரர். அவரோடு கோகோ, யம் யம் என இரண்டு சயாமியப் பூனைகள். எல்லாவற்றுக்கும் வடக்கே நானூறு மைல் தள்ளி ஒரு சின்ன ஊர். கோகோ அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தட்டிவிடும், அதுதான் துப்பு. குவில்லரனுக்கு மீசை குறுகுறுக்கும், கொலைகாரன் மாட்டுவான்.

அத்தை முழுதும் கேட்டுவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “அந்த ஊர்ல எத்தன தலக்கட்டு?”

அண்ணன் மகளுக்குத் தெரியவில்லை.

“சின்ன ஊருங்கற. வருசத்துக்கு ஒரு புத்தகம், புத்தகத்துக்கு ஒன்னு ரெண்டு கொலை. இன்னும் எப்புடி ஆளு மிச்சம் இருக்கு?”

இதே சந்தேகம் அங்கே வாசகர்களுக்கும் வந்திருக்கிறது. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930-லிருந்து நாவல்களில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கொலைகாரர்களைப் பிடிக்கிறார். ஆனால் அவர் ஊரான செயின்ட் மேரி மீடில் வீட்டு வாடகை குறைந்ததாக எந்தப் புத்தகத்திலும் செய்தி இல்லை. இரத்தம் கண்ணில் படாது, பிணத்தைச் சுற்றி நின்று எல்லோரும் தேநீர் குடிப்பார்கள், கடைசியில் பூனைக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும். இந்த வகைக் கதைக்கு வெளிநாட்டில் தனி அலமாரியே உண்டு. ரீட்டா மே பிரவுன் என்பவர் 1990 முதல் எழுதிவரும் தொடரில் தன் பூனையின் பெயரையும் ஆசிரியராக அட்டையில் போடுகிறார். ஜப்பானில் அகாகவா ஜிரோ 1978-லேயே மூவண்ணப் பூனைக்கு ஹோம்ஸ் என்று பெயர் வைத்துத் துப்பறிய விட்டுவிட்டார்.

“நம்மாளுங்க ஒருத்தரும் பூனையச் சேத்துக்கல பாரு” என்று அத்தைக்கு வருத்தம். “சங்கர்லாலுக்குக் கத்தரிக்காய்னு ஒரு ஆளு இருந்தான். பூனை வச்சுக்கல.” தேரழுந்தூர் இங்கிருந்து ஒரு பஸ் தூரம். அந்த ஊர்க்காரரான கம்பர், பாற்கடலை நக்கிக் குடிக்கப் புறப்பட்ட பூனையாகத் தன்னைச் சொல்லிக்கொண்டவர் என்று எடுத்துக் கொடுத்தேன். அத்தை சட்டென்று, “குத்தவாளியா சொல்லிக்கிட்டாரு. துப்பறியறவனா சொல்லலியே” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் பூனை என்றைக்கும் குற்றவாளிக் கூண்டில்தான். பழமொழிகளைப் புரட்டினாலே போதும், முதல் தகவல் அறிக்கை படிக்கிற மாதிரி இருக்கும். பால் குறைந்தால் பூனை, மீன் குறைந்தால் பூனை, பரண் மேல் சத்தம் கேட்டால் பூனை. அத்தை செய்கிற தொழில், கூர்ந்து பார்த்தால், பூனைகளுக்காக வாதாடும் வக்கீல் தொழில்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அத்தைக்கு அதுதான் சீசன். நெடுங்காடு பக்கம் மீன்காரம்மாவின் கூடை பாதியாகும், விலை இரட்டிப்பாகும், மாடியில் கருவாட்டுக்குக் காவல் போடுவார்கள். அப்படி ஒரு மே மாதம் ஒரு வீட்டு மாடியிலிருந்து முறம் நிறைய நெத்திலிக் கருவாடு மறைந்தது. கறுப்பு வெள்ளைக் கடுவன் ஒன்றின் மேல் பழி. அத்தை ஒரே கேள்வி கேட்டார்: “கருவாட்டப் பூனை தின்னுது. சரி. முறத்தையுமா தின்னுச்சு?” மறுநாள் காலை முறம் தானே திரும்பி வந்து மாடியில் இருந்தது, காலியாக. கடுவன் விடுதலை.

அதிரச வழக்கு இவ்வளவு சுலபமில்லை. தீபாவளி முடிந்து நாலாம் நாள் ஒரு வீட்டு டின்னில் அதிரசம் குறைந்துகொண்டே வந்தது. மருமகள் பூனையைத் துடைப்பத்தால் துரத்திக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள். அத்தை பூனையை மடியில் போட்டுக்கொண்டு விசாரித்தார். டின் எங்கே இருந்தது? பரண் மேல். மூடி? மூடித்தான் இருந்தது. “தின்னுட்டு மூடியத் திருப்பி மூடி வச்சிட்டு வர்ற பூனையா?”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அத்தை ஒரு அதிரசத்தை விண்டு பூனையின் மூக்கருகே நீட்டினார். அது முகர்ந்துவிட்டு, அவமானப்பட்ட முகத்தோடு திரும்பிக்கொண்டது. இதன் காரணத்தை 2005-இல்தான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்: இனிப்பை அறியும் ஒரு மரபணு பூனை இனத்துக்கே பழுதாகிக் கிடக்கிறது. சிங்கம், புலிக்கும் அப்படியே. பாலில் பூனை தேடுவது கொழுப்பை, சர்க்கரையை அல்ல. அத்தை எந்த ஆய்வும் படித்தவரல்ல. ஆனால் பாயசப் பாத்திரத்தைப் பூனை தாண்டிப் போவதை ஆயுள் முழுக்கப் பார்த்தவர்.

மாமனாருக்குச் சர்க்கரை வியாதி. அந்த நேரம் அவர் ஈசிசேரில் உட்கார்ந்து செய்தித்தாளைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அமெரிக்கக் கதையாக இருந்தால் இந்த இடத்தில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்துக் குற்றவாளியை நோக்கி விரல் நீட்டுவார்கள். அத்தை பூனையைத் தடவியபடி உரக்கச் சொன்னார்: “இந்தப் பூனதான் தின்னுருக்கு. பாவம், அதுக்குச் சக்கர வந்தா ஊசி போட்டுவிட யாரு இருக்கா? கண்ணு போயிரும், காலு போயிரும். மருமவ ஒத்த ஆளா எத்தனையத்தான் பாப்பா?” சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போய்விட்டார்.

அன்றோடு டின் குறைவது நின்றது. அந்தப் பூனைக்கு இன்றுவரை சாயங்காலம் அரை டம்ளர் பால், மாமனாரின் பங்கிலிருந்து, அவர் கையாலேயே கிடைக்கிறது. மானநஷ்ட ஈடு.

எல்லா வழக்கிலும் அத்தை இத்தனை கருணையோடு இருப்பதில்லை. எதிர்வீட்டில் ஒரு மூவண்ணக் குட்டிக்குச் சிங்காரவேலன் என்று பெயர் சூட்டிப் பால் சோறு போட்டுக் கொண்டாடினார்கள். வெள்ளை, கறுப்பு, செம்மை மூன்றும் சேர்ந்திருந்தால் அது ஏறக்குறைய எப்போதும் பெட்டைதான். செம்மை நிறத்தின் மரபணு பெண்ணுக்கு இரண்டாக வரும் எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. அத்தை திண்ணையை விட்டு இறங்காமலே, “வேலன் இல்ல, வள்ளி” என்று தீர்ப்பு சொன்னார். எதிர்வீட்டார் ஆறு மாதம் பேசவில்லை. வேலன் பரணில் மூன்று குட்டி போட்ட பிறகு பேச ஆரம்பித்தார்கள்.

ஆனால் அவர் புகழை வாய்க்கால் தாண்டிக் கொண்டுபோனது பூட்டிய வீட்டு வழக்கு. வீட்டுக்காரர்கள் பிரான்சில். ஒரு ராத்திரி அந்தக் கொல்லையிலிருந்து குழந்தை அழுவதுபோல் சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தவர்கள், ஊர்ப் பூனையெல்லாம் அங்கே கூடி, மண்ணில் புரண்டு, தலையைத் தேய்த்து, எச்சில் வடித்துக்கொண்டு கிடப்பதைக் கண்டார்கள். புதையல் என்றார் ஒருவர். புதைத்த பிணம் என்றார் இன்னொருவர். போன வருஷம் சனிப்பெயர்ச்சிக்குப் பரிகாரம் செய்யாதது யார் என்று மூன்றாவது ஆள் ஆராய ஆரம்பித்தார். போலீசுக்குச் சொல்லலாமா என்று பேச்சு வந்தபோது அத்தை விளக்கோடு வந்தார். கூட்டம் விலகியது. இத்தனை நாள் படித்த நாவல்களெல்லாம் இந்த ஒரு நடைக்காகத்தான் போலிருக்கிறது, அப்படி நடந்தார்.

குனிந்து மண்ணிலிருந்து ஒரு வேரை எடுத்தார். முகர்ந்தார். “சாயந்தரம் இஞ்ச களை எடுத்தது யாரு?”

கொல்லையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். வீட்டுக்காரர்கள் பொங்கலுக்கு வருகிறார்கள் என்று சேதி வந்ததால், அதுவரை ஒரு வருஷமாக எடுக்காத களையை அன்றைக்கு ஒரே மூச்சில் எடுத்திருக்கிறார். பாதிக்கு மேல் குப்பைமேனி. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனைகள் மயங்கிப் புரளும். சித்த வைத்தியர்கள் அதற்குப் பூனைவணங்கி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் கேட்னிப் என்று பொட்டலம் கட்டிக் காசுக்கு விற்கும் போதை, நம் குப்பைமேட்டில் சும்மா முளைக்கிறது. (காரைக்காலில் மனிதர்களுக்குத்தான் மலிவு என்று இதுவரை நினைத்திருந்தோம்.)

பிணம் கிடைக்காததில் கூட்டத்துக்குச் சின்ன ஏமாற்றம். களை எடுத்தவருக்குத்தான் பெரிய ஏமாற்றம்: மாதாமாதம் களைக்கூலி வாங்கிவந்த கணக்கு அந்த ராத்திரியில் வெளியே வந்துவிட்டது. அதை அத்தை பிரான்சுக்குச் சொல்லவில்லை. “அவன் அம்பது தேங்கா கொண்டாந்து கொடுத்தான், வாணாம்னுட்டேன்” என்றார். நாற்பத்தொன்பதை வேண்டாமென்றது உண்மையாக இருக்கலாம். அடுத்த நாள் அத்தை வீட்டில் தேங்காய்ச் சோறு.

இதையெல்லாம் அண்ணன் மகளுக்கு ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். பதிலுக்கு அவள் 29 புத்தகத்தையும் சொல்லி முடித்துவிட்டாள். போன வாரம் பேசும்போது, முப்பதாவதற்குப் பெயர்கூட அறிவித்தார்கள், ஆனால் அது வெளிவரவேயில்லை, 2011-இல் அந்த அம்மாளும் காலமாகிவிட்டார், இனி அந்தக் கதையில் என்ன மர்மம் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை என்றாள். குரலில் துக்கம்.

“பேரு என்னா வச்சாங்க?” என்றார் அத்தை.

“புகை வாசனை புடிச்ச பூனைன்னு வச்சுக்குங்களேன் அத்தை.”

அத்தை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் பதில் தெருவுக்கே கேட்டது.

“இதுல என்னாடி மர்மம்? எவளோ கருவாடு சுட்டிருக்கா.”