கிடாவுக்கு விறைச்சு நில்லுலே

ஏலே பேராண்டி, பொட்டியப் பூட்டிட்டியா? வெலிங்டன் பட்டாளத்துல துப்பாக்கி பிடிக்கச் சொல்லித் தருவான், மலையேறச் சொல்லித் தருவான். நேத்து சாயங்காலம் நம்ம செவலைக்காளை லேசாத் தலையை ஆட்டுனதுக்கு வேலியத் தாண்டி விழுந்தியே, அதுக்கு எவன் சொல்லித் தருவான்? இப்படித் திண்ணையில உக்காரு. வெத்தலைய இடி.

பட்டாளத்துல முதல்ல ஆட்டுகிட்ட மரியாதை படிக்கணும். சிரிக்காதலே, பேப்பர்லயே வந்த சேதி. வெள்ளைக்காரன் ராணுவத்துல, வேல்ஸ்காரங்க ரெஜிமெண்டுல ஒரு கிடா இருந்துச்சு. பேரு வில்லியம் வின்ட்சர். அரண்மனைப் பேரு வச்சா மனுஷனையே பிடிக்க முடியாது, கிடாவைக் கேக்கணுமா? பதவி லான்ஸ் கார்ப்பரல். உங்க லான்ஸ் நாயக் கணக்கு. அது நடந்து போனா சாதாச் சிப்பாய் விறைச்சு நிக்கணும்னு இருந்துச்சு. கூடவே கயிறு பிடிச்சுப் போறவனுக்கு ‘கோட் மேஜர்’னு பட்டம். இங்க ஆடு மேய்க்கிறவனுக்குப் பொண்ணு தர மாட்டேங்கான். அங்க அவன் மேஜராம்!

2006 ஜூன்ல சைப்ரஸ்ல ராணி பிறந்தநாள் அணிவகுப்பு. பெரிய மனுஷங்கள்லாம் உக்காந்திருக்காங்க. நம்மாளு வரிசையில நிக்க மாட்டேன்னுட்டு, முன்னால போன கொட்டுக்காரன் பின்பக்கத்தை முட்டப் பாத்துச்சு. விட்டானுவளா? விசாரணை வச்சு, உத்தரவை மீறினதாக் குத்தம் எழுதி, சாதாச் சிப்பாயா இறக்கிட்டானுவ. மூணு மாசம் அடங்கி ஒடுங்கி இருந்து பதவியத் திரும்ப வாங்கிருச்சு. உங்கப்பன் பத்தாங்கிளாஸ்ல மூணு வருஷம் இருந்தும் ஒண்ணும் வாங்கலை.

கிடாவாவது பட்டாளத்துல பதவி உள்ள ஆளு. பன்னி கதை கேளு. அமெரிக்காக்காரனும் வெள்ளைக்காரனும் எனக்கு உனக்குன்னு இழுத்துக்கிட்டிருந்த தீவு சான் யுவான். 1859 ஜூன்ல கட்லர்னு ஒரு அமெரிக்காக்காரன் உருளைக்கிழங்குத் தோட்டத்துல பன்னி ஒண்ணு புகுந்து கிண்டிருச்சு. சுட்டுட்டான். பன்னி யாருது? ஹட்சன் பே கம்பெனிது, வெள்ளைக்காரன் கம்பெனி. நம்ம ஊரா இருந்தா கறியப் பங்கு வச்சு, வெலையப் பேசி, ராத்திரியோட முடிஞ்சிருக்கும். அங்க வெலை படியலை. அமெரிக்காக்காரன் 66 சிப்பாயோட பிக்கெட்னு ஒரு கேப்டனை இறக்குனான். வெள்ளைக்காரன் போர்க்கப்பல் கொண்டாந்து நிறுத்துனான். ஒண்ணில்ல, அஞ்சு! பீரங்கியும் ரெண்டாயிரம் ஆளும், செத்த ஒரு பன்னிக்கு. இறங்கிச் சண்டை போடச் சொல்லி கவர்னர் உத்தரவு. கடற்படைத் தலைவர் பெய்ன்ஸ், ஒரு பன்னிக்காக ரெண்டு தேசத்தை மோத விட மாட்டேன்னுட்டாரு. அந்தக் கூட்டத்துல பன்னி வளத்தவன் வீட்டுப் பிள்ளை மாதிரி யோசிச்சது அவரு ஒருத்தருதான். அப்புறம் ரெண்டு பட்டாளமும் தீவுக்கு ஆளுக்கொரு மூலையில 12 வருஷம் கூடாரம் போட்டுக் கிடந்துச்சு. பண்டிகைக்கு இவன் அங்க போவான், அவன் இங்க வருவான், சம்பந்தி வீடு மாதிரி. 1872-ல ஜெர்மன் சக்கரவர்த்தி பஞ்சாயத்துப் பண்ணித் தீவை அமெரிக்காவுக்குக் குடுத்தாரு. மொத்தச் சண்டையிலயும் உசிரு விட்டது அந்தப் பன்னி ஒண்ணுதான்.

என்ன, அதெல்லாம் வெள்ளைத்தோல்காரன் கூத்துன்னு மீசைய முறுக்குதியா? முளைக்கட்டும், அப்புறம் முறுக்கு. 1914 நவம்பர்ல கிழக்கு ஆப்பிரிக்காவுல டாங்கான்னு ஒரு ஊரு. ஜெர்மன்காரன் பக்கம் சுமாரா ஆயிரம் பேரு. இந்தியாவுலேர்ந்து கப்பல்ல போய் இறங்குனது எட்டாயிரம். அதுல நம்ம பாளையங்கோட்டைப் பேரு தாங்கின 63-ம் பட்டாளமும் உண்டு. நடுச்சண்டையில குண்டுச் சத்தத்துக்கு மரத்துத் தேனீ கலைஞ்சு வந்து கொட்டு கொட்டுன்னு கொட்டிருச்சு. தேனீ கொடியப் பாத்தா கொட்டும்? ரெண்டு பக்கமும்தான் கொட்டிச்சு. செத்தவன் போக மிஞ்சினவன் திரும்பக் கப்பலேறுனான். ஜெர்மன்காரன் தேனீயை ஏவி விட்டான்னு அப்புறம் கதை கட்டுனாங்க. அதுல பாளையங்கோட்டைக்காரன் எம்புட்டு வேகமா ஓடுனான்னு மட்டும் எங்கிட்டக் கேக்காத. ஜில்லா மானம்.

சரி, ரயிலுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு. எந்திரி, செவலைக்குத் தண்ணி காட்டிட்டு வா. பொட்டிய இங்கயே வச்சுட்டுப் போ, வேலி தாண்டையில இடைஞ்சலா இருக்கும்.